தாடையும் முக்கால் அங்குல மடிப்பும்

என் தாடைக்குப் பதினான்கு வயதில் பேச்சு வந்தது. எனக்கு அதற்கு வெகு நாள் முன்பே வந்துவிட்டதால் வீட்டில் யாரும் அதைக் கொண்டாடவில்லை. வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். மூடினால் கொஞ்சம் சின்னதாக இன்னொரு ‘டக்’. முதல் நாள் நான் சோற்றை மென்றபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“பல்லி எந்தப் பக்கம் சொல்லுது?” என்று அம்மாவைக் கேட்டார்.

“பல்லி இல்லைங்க. உங்க மக மெல்லுறா.”

அப்பா பொதுப்பணி இலாகாவில் கிராணி. பகல் முழுக்க வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து இங்கிலீஷைத் திட்டுவார். எனக்கு என்ன வந்தாலும் அவர் கான்வென்ட் பள்ளியைத்தான் சந்தேகப்படுவார். “அந்த மொழியப் பேசிப் பேசியே பிள்ளைக்கு வாய் கோணிக்கிட்டு வருது” என்றார். சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் என் வாய் உண்மையிலேயே கோணிக்கொண்டு வந்தது. கொட்டாவி விடும்போது கண்ணாடியில் பார்த்தால், மோவாய் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்த் திரும்பி வரும், வழியில் யாரையோ பார்த்து நலம் விசாரித்துவிட்டு வருவதைப் போல.

பள்ளியில் ஒரு கன்னியாஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் “நேராக நில்” என்பார். நான் நேராகத்தான் நின்றேன். நேர் எங்கே இருக்கிறது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை. அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. என் பினஃபோரின் அடிவிளிம்பு தரையிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில், நூல் பிடித்த மாதிரி நிற்கும். “உடுப்பு நேரா நிக்குது. அப்ப உள்ள இருக்கிறவளும் நேராத்தான் இருக்கா” என்று அம்மா அந்தப் புகாரைத் தள்ளிவிட்டாள். இந்த ஒரு வாக்கியத்தால் பிற்பாடு நான் பட்ட பாடுதான் இந்தக் கதை.

அந்த பினஃபோர்களைத் தைத்தவர் பீபி. தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். காஜா பேராங்கில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறையாக மலாய் மண்ணில் ஊறிப்போன செட்டிகளின் குடியிருப்பு. வேலியை ஒட்டிய வீடு அவருடையது. எங்களைப் போலவே விபூதி பூசுவார், எங்கள் மாரியம்மனையே கும்பிடுவார். அம்மனுக்குத் தமிழ் தெரியும், பீபிக்குத் தெரியாது. செட்டி வீடுகளில் பேச்சு மலாய்தான், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்கள் வழி தவறி வந்து உட்கார்ந்திருக்கும். அம்மா சந்தை மலாயில் பேசுவாள், அவர் வீட்டு மலாயில் பதில் சொல்வார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஆண்டு அது. தெருமுனையில் பலகையும் தென்னங்கீற்றுமாக ஒரு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு அங்கே போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் போனேன். போன இடத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி என் வலது குதிகாலில் ஏறியது. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

எட்டாம் நாள் காலையில் பல் விளக்க வாயைத் திறந்தேன். திறக்கவில்லை.

‘டக்’ வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்ட மாதிரி, கொஞ்ச தூரம் வந்து இடித்து நின்றது. பல் வரிசைகளுக்கு நடுவே சுண்டுவிரல் மட்டும் நுழைந்தது. இன்னும் திறக்கப் பார்த்தால் காதுக்குள் கத்தி.

எங்கள் பின்சந்தில் இருந்த தச்சர் ஒருவர் முந்தின வருடம் இப்படித்தான் செத்தார். ஆணி குத்தியது, பத்து நாள் கழித்துத் தாடை பூட்டிக்கொண்டது, பிறகு உடம்பு வில்லாய் வளைந்தது. அவர் செத்த பிறகும் சிரித்தபடியே இருந்தார் என்று பெண்கள் குழாயடியில் குரலைத் தாழ்த்திப் பேசியதை நான் குடத்தைச் சாக்கு வைத்து நின்று கேட்டிருக்கிறேன். இப்போது கண்ணாடியில் என் பல் தெரிந்தது. நான் சிரிக்கிறேனா என்று உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

அம்மாவிடம் போய் வாயைக் காட்டினேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. குதிகாலைத் தூக்கிக் காட்டினேன்.

“என்னது இது? ஆணியா? எப்ப?”

விரல்களால் எட்டு என்று காட்டினேன்.

அம்மா கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சாகப்போகிற பிள்ளையை அடிக்கக்கூடாது என்று அந்தக் கைக்குத் தோன்றிவிட்டது. அதுவரை பாதி நம்பிக்கையோடு இருந்தேன். அந்தக் கை இறங்கியதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வண்டியை மிதித்தவர் பாவம், பள்ளம் வந்தால் நிறுத்தி நிறுத்தி இறக்கினார். அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் என் மணிக்கட்டுமாக, மாரியம்மனிடம் வரிசையாக ஏதேதோ நேர்ந்துகொண்டே வந்தாள். அதில் பாதி நேர்த்திக்கடனை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. நான் கடைசியாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். நல்ல வார்த்தைகள். படித்த பிள்ளை, அழகாகவே கோத்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்ல வாய் திறக்காது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. அழுதேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். ஆணி குத்திய இடத்தைப் பார்த்தார். கழுத்தை அமுக்கினார், வயிற்றை அமுக்கினார். பிறகு இரண்டு காதுக்கு முன்னாலும் விரல் வைத்துக்கொண்டு, “ஏலுமான அளவு திற, பிள்ளை” என்றார்.

திறந்தேன். மோவாய் இடப்பக்கம் ஒதுங்கியது.

“முந்தி சத்தம் கேட்டதோ?”

“ஒரு வருசமா கேக்குது டாக்டர். நாங்க பல்லின்னு நெனச்சோம்” என்றாள் அம்மா.

“நல்ல பல்லி.” அவர் சிரித்தார். “பயப்பிடாதேங்கோ. இது ஆணியாலை வந்தது இல்லை. மூட்டுக்குள்ளை இருக்கிற சவ்வு இடம் மாறிச் சிக்கிப்போச்சு. எதுக்கும் ஆணிக்கு ஓர் ஊசி போட்டுவிடுவம்.”

நான் பிழைத்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க எனக்குக் கிடைத்தது அவர் ஊசி மருந்தை எழுதி முடிக்கும் நேரம் மட்டும்தான். பேனாவை மூடிவிட்டு என்னை மறுபடி பார்த்தார். முகத்தை அல்ல, தோளை.

“எழும்பி நில். அங்காலை திரும்பு. சட்டையைத் தளர்த்திவிட்டு, கும்பிடுகிற மாதிரிக் கையைச் சேர்த்துக்கொண்டு குனி.”

குனிந்தேன். என் முதுகைப் பார்த்து மனிதர்கள் மௌனமாவதை அன்றுதான் முதல் முறை கேட்டேன். அவர் விரல் கழுத்திலிருந்து கீழே இறங்கியது. நேராக வந்துகொண்டிருந்த விரல் வலப்பக்கம் விலகிப் போய், இடுப்புக்கு வந்தபோதுதான் நடுவுக்குத் திரும்பியது.

“இது எப்ப இருந்து?”

“எது டாக்டர்?” என்றாள் அம்மா.

“முதுகு வளைஞ்சிருக்கு. இடத்தோள் பதிஞ்சிருக்கு. தெரியேல்லையோ?”

“இருக்காதுங்களே. அவ உடுப்பெல்லாம் நேராத்தான் நிக்குது.”

டாக்டர் என் பினஃபோரின் அடிவிளிம்பைப் பார்த்தார். அது நேராகத்தான் நின்றது. அவர் குழம்பிப்போய் இன்னொரு முறை என் தோளைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது என் முதுகெலும்பு, எங்கள் ஊர் ஆறு பாலத்தடியில் திரும்புகிற மாதிரி, அவசரமே இல்லாமல் ஒரு பக்கம் போய் வந்தது. காசநோய் எலும்பை அரித்த தடயம் இல்லை என்று அவர் சொன்னபோது அம்மா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அவள் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. பிறகு டாக்டர் சொன்னார்:

“வளர்ற வயசிலை சில பிள்ளையளுக்கு இப்பிடி வரும், காரணம் தெரியாது. இப்ப எனக்கு வேண்டியது ஒண்டுதான். இது கெதியாய் வந்ததோ, மெல்ல மெல்ல வந்ததோ? ஆறு மாசத்திலை இவ்வளவெண்டால் சும்மா விடேலாது. சிங்கப்பூருக்கு அனுப்பிப் பிளாஸ்டர் போடவேணும். ஒரு வருசம் படுக்கை.”

“பிளாஸ்டர்னா… முதுகுலயா?”

“இடுப்பிலை இருந்து தாடை வரைக்கும். தாடையிலை தாங்கினால்தான் தலை நிமிர்ந்து நிக்கும்.”

“தாடைதான் பூட்டிக்கிட்டு இருக்கே, டாக்டர்.”

“அதைத்தான் யோசிக்கிறன்” என்றார்.

எனக்கு வந்த இரண்டு வியாதிக்கும் ஏதாவது உறவு உண்டா என்று அம்மா கேட்டாள். அவர் தன் தலையையே ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். முதுகு சாய்ந்தாலும் கண் உலகத்தை மட்டமாகப் பார்க்கத்தான் அடம்பிடிக்கும். அதற்காகக் கழுத்து எதிர்ப்பக்கம் இழுக்கும். கழுத்தோடு கட்டுண்ட தாடையும் கூடப் போகலாம். “என்ரை ஊகம்தான். நான் படிச்ச புத்தகத்திலை இல்லை” என்றார். பிற்காலத்தில் நானே தேடித் தேடிப் படித்தேன். முதுகு வளைந்த பிள்ளைகளிடம் தாடை மூட்டுத் தொல்லையும் சேர்ந்து காணப்படுவதுண்டு என்கிறார்கள். எது எதைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது என்று கேட்டால், படித்தவர்களும் யாழ்ப்பாணத்து டாக்டரைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார்கள்.

“பழைய படம் ஏதும் இருக்கோ? நிண்டுகொண்டு எடுத்தது?”

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். அதில் நான் உட்கார்ந்திருந்தேன், மடியில் ஒரு தம்பியோடு. தம்பியால் என் பாதி உடம்பு மறைந்துவிட்டது.

“அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கோ. எப்பிடியும் ஒரு முடிவெடுப்பம்.”

வெளியே வரும் வழியில் பெண்கள் வார்டு. கதவோரக் கட்டிலில் பத்து வயதுப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். கழுத்து எலும்பில் என்னவோ. வெள்ளைச் சுண்ணாம்புக் கூட்டுக்குள் மோவாய் வரை அடைத்து, முகத்தை மட்டும் வெளியே வைத்திருந்தார்கள். திரும்ப முடியாதவள் ஆட்களைப் பார்ப்பதற்காகக் கட்டில் கம்பியில் ஒரு கைக்கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கடக்கும்போது அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. நான் நடந்தேன். கண்களும் கூடவே நடந்தன. கண்ணாடி முடிந்த இடத்தில் நின்றுவிட்டன.

அந்த வாரம் நான் கஞ்சி குடித்துக்கொண்டு, பிளாஸ்டருக்குள் இருந்து பழகிக்கொண்டேன். பிற்பகல்களில் யாரும் பார்க்காதபோது தரையில் மல்லாந்து படுத்து, மோவாய்க்குக் கீழே அப்பாவின் சுருட்டிய செய்தித்தாளை முட்டுக்கொடுத்து, அசையாமல் கிடப்பேன். சுவர்க்கடிகாரத்தில் கால் மணி நேரம் என்று கணக்கு. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நாளும் முடியவில்லை. ஏற்கனவே பூட்டிய வாயை வெளியிலிருந்தும் பூட்டினால், ஒரு வருடம் கழித்துப் பிளாஸ்டரை உடைக்கும்போது உள்ளே இருப்பது திறக்குமா? வாந்தி வந்தால்? வீட்டில் அதிகம் பேசுகிறவள் நான்தான் என்று அப்பா சொல்வார். அவர் அந்த வாரம் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படிக்கவும் இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வர எத்தனை நாள் என்று தினம் எண்ணுகிற மனிதர் வெள்ளிக்கிழமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அம்மா எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, “வா” என்றாள். “பீபி வந்து டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். மூணரை வருசமா உன் உடம்ப அளந்தவங்க. வளைஞ்சிருந்தா அவங்களுக்குத் தெரியாமயா போகும்?”

அம்மா சாட்சி தேடிப் போனாள், என் முதுகு நேர் என்பதற்கு.

பீபி தையல் மெஷினில் இருந்தார். வாயில் ஐந்தாறு குண்டூசிகள். வேலை செய்யும்போது அவர் பேசாமல் இருப்பதற்கு அது ஒரு வழி. அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மெஷினை மிதித்த கால் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினார். கடைசி ஊசி வரை குத்திவிட்டு, “பிள்ளையை வெளியே அனுப்பு” என்றார்.

“அவ இருக்கட்டும். சொல்லுங்க.”

“இடது தோள் தாழ்வு. முதல் பினஃபோர் தைத்த அன்றைக்கே தெரியும். அந்தப் பக்கம் உடுப்பு இறங்கித் தொங்கும். நான் அந்தப் பக்கம் மடிப்பைக் கொஞ்சம் கூட்டித் தைத்தேன். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்.”

அம்மாவுக்கு மலாய் மறந்துவிட்டது. தமிழிலேயே கத்தினாள். “தெரிஞ்சும் சொல்லலியா? ஒரு வார்த்தை சொல்லலியா? வேலியில நின்னு பொழுதுக்கும் பேசுறோமே, கருவேப்பிலைக்குக் கூடச் சொல்லி அனுப்புறீங்களே!”

பீபிக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்காது. புரியாமலும் இருந்திருக்காது.

“இந்தக் கம்போங்கில் எத்தனை கல்யாணக் கெபாயாச் சட்டை தைத்திருக்கிறேன்” என்றார். “யாருக்கு எந்தப் பக்கம் என்ன குறை என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய மாமியார்களுக்கு இன்று வரை தெரியாது. ஒரு பெண்ணின் தோள் தாழ்வு என்று தையல்காரி வாயைத் திறந்தால் அது மூன்று தெரு போகும். அவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் டாக்டர்கிட்ட போயிருப்பேன்.”

“போயிருக்க மாட்டாய். வேறு தையல்காரியிடம் போயிருப்பாய்.”

அது உண்மை என்று எங்கள் மூவருக்குமே தெரியும். தமிழில் ஊசிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. தமிழ் தெரியாத பீபி அந்தப்படியே வாழ்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை இத்தனை வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தெரிந்து வைத்திருந்தார். இன்னும் என்னென்ன இருக்கிறதோ?

நாங்கள் திரும்பி நடக்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். “பழைய பினஃபோர் எல்லாம் எங்கே?”

“எதுக்கு?”

“நான் மடிப்பை வெட்டுவதில்லை. வளர்கிற பிள்ளைக்கு இறக்கிவிட வேண்டுமே, அதற்காகத் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பேன். இறக்கினாலும் இரண்டு பக்கமும் சமமாக இறக்குவேன். வித்தியாசம் அப்படியே இருக்கும்.” நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “டாக்டர் எவ்வளவு நாளாக என்றுதானே கேட்கிறார்?”

முதல் வருடத்து பினஃபோரை அம்மா கம்போங்கில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தாள். பீபியே போய் அதைக் கொடிக்கம்பியிலிருந்து ஈரத்தோடு உருவிக்கொண்டு வந்தார். இரண்டாவது, அப்பாவின் நாற்காலி மெத்தைக்கு உறையாகியிருந்தது. நல்ல வேளை, அம்மா சிக்கனக்காரி, விளிம்பை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்திருந்தாள். என்னைப் பற்றிய முக்கியமான சாட்சியத்தின் மேல் அப்பா ஒரு வருடமாக உட்கார்ந்து பத்திரிகை படித்திருக்கிறார். மூன்றாவது, போன வருடம் தைத்தது, நான் உடுத்திக்கொண்டிருந்தது. நான்காவது புதிது. சுதந்திர ஊர்வலத்தில் போடுவதற்காகப் போன வாரம் என்னை நிறுத்திப் பார்த்துத் தைத்தது, இன்னும் ஒரு முறை கூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பீபியும் வந்தார். கோயிலுக்குத் தவிர வேறெங்கும் போகாதவர். சாரோங்கும் கெபாயாவும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்தி, உடுப்புகளைப் பாத்தேக் துணியில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்திருந்தார். அம்மாவும் அவரும் வழி முழுக்க ஆளுக்கொரு பக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் மேஜையில் இருந்த காகிதங்களை ஒதுக்கினார். பீபி முதல் பினஃபோரை உள்வெளியாகத் திருப்பிப் பரப்பி, இடப்பக்க மடிப்பையும் வலப்பக்க மடிப்பையும் தன் நாடாவால் அளந்தார். எத்தனை என்று சொல்லாமல் டாக்டரைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ” என்றார் டாக்டர்.

“கால்” என்றார் பீபி. கால் அங்குலம் கூடுதல்.

மெத்தை உறை. “அரை.”

நான் உடுத்தியிருந்ததை நின்றபடியே அளந்தார். மண்டியிட்டு என் முழங்காலுக்குக் கீழே குனிந்திருந்த அவர் உச்சி வகிடு எனக்கு நேர் கீழே தெரிந்தது. “முக்கால்.”

எனக்குக் கணக்கு வரும். கால், அரை, முக்கால். அடுத்து என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லும். டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வார்டில் இருந்த அந்தப் பெண்ணின் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

பீபி புது பினஃபோரை விரித்தார். இடப்பக்கம் அளந்தார். வலப்பக்கம் அளந்தார். நாடாவைச் சுருட்டிவிட்டு, மறுபடி விரித்து முதலிலிருந்து அளந்தார்.

“முக்கால்” என்றார். அடுத்து அவர் சொன்ன மலாய்ச் சொல்லை மட்டும் அப்படியே தருகிறேன்: “சாமா.” அதே அளவு.

டாக்டர் நாடாவை வாங்கித் தானும் அளந்தார். நான் பெரியவளாகி எத்தனை காலம் ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டார். கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு உயரம் வளர்ந்தேன் என்று கேட்டார். அம்மா அதை மலாயில் கேட்க, பீபிதான் பதில் சொன்னார், மடிப்பை எத்தனை முறை இறக்கினேன் என்று கணக்கு வைத்து. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“வளர்த்தி முடியப்போகுது. வளைவும் ஒரு வருசமாய் நிண்டிருக்கு. இப்போதைக்குப் பிளாஸ்டர் வேண்டாம்.”

அம்மா அழுதாள். நான் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் நிபந்தனைகளை அடுக்கினார். தாடைக்குச் சுடுநீர்த் துணி ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு. புத்தகம் படிக்கும்போது மோவாயைக் கையில் தாங்கக்கூடாது. முதுகுக்குத் தினமும் சில பயிற்சிகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. பிறகு பீபியைப் பார்த்து, எனக்கு இன்று வரை நினைத்தால் கூசுகிற ஒன்றைச் சொன்னார்.

“இனிமேல் விளிம்பை நேராக்காதேங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிச்சு விடுங்கோ, கோணலாய்த் தொங்கட்டும். மாசம் ஒருக்கால் தரையிலை இருந்து அளந்து சொல்லுங்கோ. ஒரு அங்குலத்துக்கு மேலை போனால் அண்டைக்கே சிங்கப்பூர்.”

அம்மா அதை மலாயில் சொன்னபோது, பிளாஸ்டர் தனக்குத்தான் என்று கேட்டவர் போல பீபியின் முகம் ஆனது.

சுதந்திர ஊர்வலத்தில் நான் இடப்பக்கம் முக்கால் அங்குலம் இறங்கிய பினஃபோரோடு நடந்தேன். அதற்குள் வாய் இரண்டு விரல் அளவு திறந்தது. எல்லாரும் “மெர்டேக்கா!” என்று விடுதலையைக் கத்தியபோது நானும் அந்த இரண்டு விரல் இடுக்கு வழியாகக் கத்தினேன். நாடு அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கம்போங் பெண்கள் என் விளிம்பைப் பார்த்துவிட்டார்கள்.

“பீபி, கண்ணு போச்சா? ஊர்வலத்துக்குப் போற உடுப்பு இப்படியா?” என்று ஒருத்தி வேலியோரம் மலாயில் கேட்டாள்.

“கல்யாணக் கெபாயா தைக்க வேற ஆளப் பாக்கணும் போல” என்றாள் இன்னொருத்தி.

பீபி வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி என் தோளுக்கு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அந்த வருடம் ஒரு கல்யாணக் கெபாயா அவர் கையை விட்டுப் பண்டார் ஹிலிர் பக்கத்துத் தையல்கடைக்குப் போயிற்று. அதை அம்மாதான் எனக்குச் சொன்னாள், வெகு காலம் கழித்து.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு. பீபி வீட்டுச் சுவரை ஒட்டி நிற்பேன், வெறுங்காலோடு. அவர் மர அளவுகோலோடு மண்டியிடுவார். அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள், பார்க்கப் பிடிக்காமல். அளக்கும் அந்த நேரத்துக்கு நான் மூச்சு விடமாட்டேன். மூச்சு விட்டால் தோள் இறங்கிவிடும் என்று ஒரு மடத்தனம். தோளைத் தூக்கிப் பிடித்து ஏமாற்றியும் பார்த்தேன். அளவுகோலால் முழங்காலில் ஒரு தட்டு விழும். பிறகு அவர் வாயிலிருக்கும் ஊசிகளை எடுப்பார். ஊசியை எடுப்பதற்கும் எண்ணைச் சொல்வதற்கும் நடுவே இருந்த இடைவெளியில் நான் எத்தனை முறை சிங்கப்பூர் போய் வந்திருக்கிறேன். ஒரு மாதம் “முக்காலும் ஒரு நூலும்” என்றார், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். அந்த மாதம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் அந்த நூல் போய்விட்டது. முந்தின மாதம் நான் சரியாக நிற்கவில்லையாம்.

ஏறத்தாழ இரண்டு வருடம். கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், “இனி இது எங்கையும் போகாது. நீ போகலாம்” என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு, பழக்கத்தில் மறுபடி சுவரோரம் போய் நின்றேன். பீபி அளந்தார்.

“சாமா” என்றார்.

அம்மா டாக்டர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். பீபி காத்திருக்கவில்லை. என் பினஃபோரின் இடப்பக்க விளிம்பைப் பிடித்து முக்கால் அங்குலம் உள்ளே மடித்து, ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கிவிட்டார். இரண்டு வருடம் கையைக் கட்டி வைத்திருந்த மனுஷி. சுற்றி வந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். விளிம்பு நூல் பிடித்த மாதிரி நின்றது.

நான் நிம்மதியில் பெரிதாகக் கொட்டாவி விட்டேன். ‘டக்.’

பீபி தலையைத் தூக்கி என் தாடையை ஒரு கணம் பார்த்தார்.

“அதற்கு என்னிடம் மடிப்பு இல்லை” என்று சொல்லிவிட்டு, ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.